ஐந்நூற்றில் முந்நூற்றுப் பதினேழாவது வண்டிக்கு ஒரு பின்னிருக்கை

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாள், வெள்ளிக்கிழமை. வைகாசி முடிய ஒரு நாள் எஞ்சியிருந்தது. காலை ஒன்பது மணிக்கே திண்டிவனத்தில் வெயில் சுள்ளென்று காய்ந்தது. காற்று அடியோடு இல்லை. வானத்தில் மேகம் என்று சொல்லத்தக்க பொருள் எதுவும் காணப்படவில்லை.

அவ்வேளையில் என் கடை வாசலில், அப்பாதுரை எண்ணெய் மில்லுக்குச் சொந்தமான சிறிய லாரி ஒன்று வந்து நின்றது.

என் பெயர் ஜெகதீசன். புதிய இருசக்கர வாகனங்களுக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் செய்து கொடுக்கும் தொழிலை இருபத்தெட்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். விழுந்தால் தாங்கும் கம்பி, புடவை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு, சீட்டுக்கு ரெக்சின் உறை, காய்கறி வைக்கப் பக்கப்பெட்டி ஆகியவை என் கடையின் முதன்மையான பணிகள். வண்டியைத் தொழிற்சாலை செய்கிறது. அதைக் குடும்பத்துக்கு ஏற்றதாக நான் செய்கிறேன். எங்கள் பக்கத்தில் ஷோரூமிலிருந்து எவரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. என் போன்றவர்களின் கடைக்கு வந்துதான் போவார்கள்.

ஆதலால் மில் டிரைவர் மண்ணாங்கட்டி லாரியை என் கடை முன் நிறுத்தியதில் வியப்பேதும் இல்லை. அவர் அந்த மில்லுக்காக எடுத்துவந்த ஒன்பது வண்டிகளும் இவ்வாசலில் நின்றவையே.

“இன்னா அண்ணே, புது வண்டியா?” என்றேன்.

“ஆமா ஜெகதீசா. இத்தாலியாம். மெட்ராஸ்ல வெள்ளைக் கையுறை மாட்டிக்கினு ஏத்தினானுங்க. எனக்கும் ஒரு ஜோடி குடுத்தானுங்க. மூக்கு சிந்த வசதியா இருந்துச்சு.”

அவர் போர்வையை விலக்கினார். அவ்வூர்தியின் நிறம் சிவப்பு. கைப்பிடிகள் தாழ்ந்தும் இருக்கை உயர்ந்தும் இருந்தன. அதை ஓட்டுபவர் அதன்மேல் அமர்வதில்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறார். கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு தகட்டில் 317/500 என்று பொறித்திருந்தது. உலகம் முழுமைக்கும் ஐந்நூறே செய்தார்களாம். இது முந்நூற்றுப் பதினேழாவது. அதைச் செய்த நிறுவனத்தின் பெயரை மூன்று முறை உச்சரித்துப் பார்த்தேன். மூன்றும் மூன்று விதமாக வந்தமையால் கைவிட்டேன்.

இருக்கை ஒன்றுதான். அதற்குப் பின்னால் மீன்கொத்தியின் அலகு போன்ற கூரிய வால் மேல்நோக்கி நீண்டிருந்தது. அதில் ஒரு காக்கை அமர வேண்டுமென்றாலும் அது முன்பே பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

“நல்லாதான் கீது,” என்றது கடைக்குள்ளிருந்து ஒரு குரல். “நான் எங்க ஒக்கார்றது?”

அக்குரலுக்கு உரியவர் இளவரசி அம்மாள், மில் முதலாளி அப்பாதுரையின் மனைவி. பிறந்த ஊராகிய கிளியனூரில் ஒரு காதுகுத்துக்கு வந்திருந்தவர், முதல் பேருந்தைப் பிடித்து வந்து, என் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரமாகக் காத்திருந்தார். அவர் மடியில் ஒரு கூடை இருந்தது. கூடையில் ஒரு தேங்காய், மூன்று எலுமிச்சம்பழங்கள், கற்பூரம்.

இங்கு அக்குடும்பத்தின் வழக்கம் ஒன்றைக் கூற வேண்டும். அவர்கள் எந்த வண்டி வாங்கினாலும், அதில் முதன்முதலில் ஏறிக் கோலியனூர் அம்மன் கோயிலுக்குச் செல்பவர் இளவரசி அம்மாள். திருமணமான ஆண்டில் வாங்கிய மொபெட்டில் தொடங்கியது இது. பிறகு புல்லட், பிறகு டிராக்டர். டிராக்டரில் மட்கார்டின்மேல் அமர்ந்து சென்றார். நெல் அறுக்கும் இயந்திரம் வாங்கியபோது ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சென்றார். பள்ளம் தோண்டும் ஜேசிபி வாங்கியபோது, மண் வாரும் வாளிக்குள் நாற்காலி போட்டு அமர்ந்து, தேங்காயைக் கையில் ஏந்தி, ஊர் பார்க்கப் பவனி போனார். நாற்காலி நழுவாதிருக்கக் கொக்கி வைத்துப் பற்றவைத்தவன் நான்.

“அம்மா, இது ஒருத்தர் மட்டும் ஓட்டுற வண்டிங்க,” என்றேன்.

“ஜேசிபி மட்டும் கூட்டுக்குடும்பமா ஒக்கார்ற வண்டியா? சீட்டு போடு. சாரி கார்டும் போடு.”

“முதலாளிக்குத் தெரியுங்களா?”

அவர் எலுமிச்சம்பழங்களை எண்ணினார். மண்ணாங்கட்டி என்னை ஓரமாக அழைத்துச்சென்று நிலைமையை விளக்கினார். அரிய வண்டிகளைச் சேகரிக்கும் செல்வர்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். அதில் இருபத்திரண்டே உறுப்பினர்கள். அப்பாதுரை இருமுறை விண்ணப்பித்தார். இருமுறையும் “உங்கள் வண்டியெல்லாம் காசு கொடுத்தால் எவருக்கும் கிடைக்கும்” என்று கூறி மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வண்டிக்காகப் பதினாறு மாதங்கள் காத்திருந்தார். வீட்டு முற்றத்தில் குளிரூட்டிய கண்ணாடி அறை ஒன்றைக் கட்டிவிட்டார். வீட்டில் மனிதர்கள் படுக்கும் அறையில் இன்னும் மின்விசிறிதான்.

“நாலு மணிக்கு மன்றத்துல இருந்து பார்க்க வர்றாங்க. கம்பெனில இருந்து வந்தா மாதிரியே இருக்கணுமாம். ஒரு ஸ்குரு கூட ஏத்தக் கூடாதாம். ஏத்தினா இந்தத் தடவையும் இல்லன்னுடுவாங்க.”

“அப்புறம் எதுக்குண்ணே இங்க நிறுத்தினீங்க?”

“எப்பவும் நிறுத்துறதுதானப்பா,” என்றார் அவர். சிறிது யோசித்து, “அம்மா வேற போன் பண்ணாங்க,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் இளவரசி அம்மாளிடம் திரும்பினேன். “அம்மா, சீட்டு வெச்சா முதலாளிய மன்றத்துல சேர்க்க மாட்டாங்களாம்.”

“தெரியும். சீட்டு வெக்கலன்னா என்னை வண்டியில சேர்க்க மாட்டாரு. யாரு வாசல்ல நிக்கிறதுன்னு இன்னைக்குத் தெரிஞ்சிடட்டும். நீ வேலையப் பாரு.”

என் இருபத்தெட்டு ஆண்டுத் தொழிலில் வாசலுக்கு வந்த வண்டியைத் திருப்பி அனுப்பியதில்லை. எனினும் ஒரு நிபந்தனை விதித்தேன்: ஓட்டை போட மாட்டேன், பற்றவைக்க மாட்டேன், எதை மாட்டினாலும் கழற்றத்தக்கதாகவே மாட்டுவேன். அவர் ஒப்புக்கொண்டார்.

முதலில் வண்டியுடன் வந்த புத்தகத்தைப் படித்தேன். ஐம்பத்தொன்றாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதி, ஆங்கிலத்திலும் தேறியவன் ஆகையால் அது எனக்கு இயன்றது. நூற்றுத்தொண்ணூறு பக்கங்களில் எழுபது பக்கங்கள், எதையெதையெல்லாம் தொடக்கூடாது என்று கூறின. எஞ்சிய பக்கங்களிலிருந்து வேண்டிய போல்ட்டுகள் எங்குள்ளன என்பதை அறிந்துகொண்டேன்.

கால்மிதிக்கு மேலுள்ள போல்ட்டுகளில் தொடங்கி வாலுக்குக் கீழாக ஓர் இரும்புச் சட்டத்தை வளைத்துக் கொண்டுசென்று, அதன்மேல் ஒரு பலகையும், பலகைமேல் நான்கு அங்குலப் பஞ்சும் வைத்தேன். வண்டியின் மேனியில் கீறல் விழாதிருக்க, சட்டம் படும் இடமெல்லாம் பழைய டியூபை வெட்டிச் சுற்றினேன். பக்கத்துக் கடைக்காரர் மெரூன் ரெக்சினில் மஞ்சள் பட்டை வைத்து உறை தைத்துத் தந்தார். இடப்புறம் சாரி கார்டு. மொத்தம் ஆறு போல்ட்டுகள். அம்மாள் கால் வைக்க ஒரு படியும் அதிலேயே அமைந்தது.

நான் சட்டத்தின் முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மண்ணாங்கட்டியின் கைப்பேசி ஒலித்தது. எதிர்முனையில் பேசியவர் அப்பாதுரை. அவர் பேசினால் ஒலிபெருக்கி வேண்டியதில்லை.

“எங்கடா கீற?”

“விக்கிரவாண்டி டோல்கேட்டுங்க. லைன்ல நிக்கிறோம்.”

“இன்னாடா கிர்ருனு சத்தம்?”

“ரோடு போடறாங்க முதலாளி.”

“பார்த்துடா. வண்டி மேல தூசு படப்போவுது. ஜல்தி வா.”

இளவரசி அம்மாள் முகத்தில் எவ்வித மாற்றமும் இல்லை. “பெட்ரோல் கீதா?” என்று மட்டும் கேட்டார். அவ்வூர்தியில் பெட்ரோல் இல்லை. கண்ணாடிக்குள் நிற்கப்போகும் வண்டிக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள். என் ஸ்கூட்டரிலிருந்து குழாய் வைத்து இரண்டு லிட்டர் இறக்கினேன்.

“நீயும் கெளம்பு,” என்றார் அவர். “சீட்டு ஆடிச்சின்னா முடுக்கணும் இல்ல.”

விழுப்புரம் கிழக்குப் பாண்டிச் சாலையில் உள்ள அவர்கள் வீட்டை மூன்றேகால் மணிக்கு அடைந்தோம். வண்டியை இறக்கினோம். அப்பாதுரை பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, உயரம் குறைவு, வயிறு மிகுதி. அவர் வண்டியை முன்பக்கத்திலிருந்து பார்த்தவாறே வந்தார். கண்கள் கலங்கின. தகட்டில் இருந்த எண்ணைத் தடவினார். பிறகு பின்பக்கம் சென்றார்.

அவர் அங்கே குனிந்தார். மெரூன் ரெக்சினை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். அது அமுங்கி எழுந்தது.

“ஜெகதீசா,” என்றார் மெதுவாக, “இது இன்னாது?”

“சீட்டுங்க முதலாளி.”

“அது தெரியுது. எம் பொழப்புக்கு நடுவுல ஏன் கீதுன்னு கேட்டேன்.”

“நான்தான் போடச் சொன்னேன்,” என்றார் இளவரசி அம்மாள்.

“ஏண்டி, உனக்கு இன்னாதான் வேணும்? கோயிலுக்குத்தானே? இன்னோவா கீது, அதுல போ.”

“இன்னோவா வாங்கின அன்னைக்கு இன்னோவால போயிட்டேன். இது வாங்கின அன்னைக்கு இதுல போவணும்.”

“இது போற வண்டி இல்லடி. வெச்சிப் பார்க்குற வண்டி.”

“அப்போ சாமியாட்டம் ஒரு ஃபோட்டோ வாங்கி மாட்டிருக்கலாமே. மாலையாவது போட்டிருப்பேன்.”

மண்ணாங்கட்டி வெள்ளைக் கையுறையால் வாயை மூடிக்கொண்டார்.

அப்பாதுரை என் பக்கம் திரும்பினார். “கழட்ட எவ்ளோ நேரம் ஆவும்?”

உண்மையைக் கூறுவதே முறை. “ஆறு போல்ட்டு. இருவது நிமிஷங்க. ஒரு அடையாளம் இருக்காது.”

“கழட்டு.”

நான் அம்மாளைப் பார்த்தேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டார். “கழட்டு ஜெகதீசா. போட்டவன் கழட்டத்தானே வேணும்,” என்றார். பிறகு கணவரிடம், “நான் டவுன் பஸ்ல போய்க்கிறேன். எதிர்ல வந்து நிக்கும். பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் கெடையாது. கவர்மெண்டு எனக்கு ஒரு சீட்டு வெச்சிருக்குது,” என்று கூறி வாயிலை நோக்கி நடந்தார். குரலை உயர்த்தவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

“போவட்டும். கோயிலுக்குப் போனா கோபம் போயிடும்,” என்றார் அப்பாதுரை. எனினும் அவர் கண் வாயிலிலேயே இருந்தது.

சாரி கார்டின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி முடித்தபோது ஒரு கார் உள்ளே நுழைந்தது. குறித்த நேரத்துக்கு இருபது நிமிடங்கள் முன்னதாகவே மன்றத்தின் சார்பில் யூசுப் அலி வந்துவிட்டார். கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் முப்பது ஆண்டு வணிகம் செய்து திரும்பியவர், பதினொரு அரிய வண்டிகளுக்கு உரிமையாளர். அவருடன் அவர் மனைவி ரசியா பேகமும் இறங்கினார்.

யூசுப் அலி வண்டியைச் சுற்றிவந்தார். பின்புறம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டினார். காட்சி மாறவில்லை.

“அண்ணே, இது இன்னா கல்யாண சேர் மாதிரி?”

“இல்ல பாய், அது... கழட்டிக்கினுதான் கீறான்,” என்றார் அப்பாதுரை. மல்லாட்டை என்னும் நிலக்கடலை வியாபாரத்தில் மாவட்டத்தையே அதட்டும் மனிதர், சர்க்கரை திருடிய பிள்ளையைப் போல நின்றார்.

யூசுப் அலி இரக்கமுள்ளவர். என் வேலையைக் குனிந்து பார்த்தார். “ஓட்டை கீட்டை போட்டியா?” என்று வினவினார். இல்லை என்றேன். “டியூபு சுத்திருக்கான். நல்ல கைதான்,” என்றார். பிறகு அப்பாதுரையின் தோளில் கை வைத்தார்.

“அண்ணே, நான் நாலு மணிக்குத்தான் வர்றதா இருந்தேன். இப்போ உள்ள போய் டீ குடிக்கிறேன். நாலு மணிக்கு வெளிய வர்றப்ப என் கண்ணுக்கு எது தெரியுதோ அதைத்தான் எழுதுவேன். சரியா? மூணாவது தடவை. இதுக்கு மேல விண்ணப்ப ஃபாரம் அனுப்ப மாட்டாங்க.”

அப்பாதுரைக்கு உயிர் வந்தது. ஆனால் ரசியா பேகம் உள்ளே போகவில்லை. அவர் மெரூன் இருக்கையைச் சுற்றிவந்து, படியைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

“யாருக்குப் போட்டது?”

“வீட்டம்மாவுக்குங்க,” என்றேன்.

“அவங்க எங்க?”

மண்ணாங்கட்டி சாலையின் எதிர்ப்புறம் கைகாட்டினார். நிழலில்லாத நிறுத்தத்தில், கூடையைத் தலைக்குமேல் பிடித்தபடி இளவரசி அம்மாள் நின்றிருந்தார். கற்பூரம் அவ்வெயிலிலேயே கரைந்திருக்கும்.

ரசியா பேகம் கணவரை நோக்கித் திரும்பினார். “நம்ம ஊட்ல பதினோரு வண்டி கீதே. ஒண்ணுலயாவது நான் ஒக்காந்திருக்கேனா?”

“ரசியா, டீ ஆறிடும்.”

“ஒரு தடவை தொடைச்சிருக்கேன். மத்தபடி தொட்டதில்ல.”

“எல்லாத்துக்கும் ஒரு பேஜாரு,” என்று கூறிக்கொண்டே யூசுப் அலி உள்ளே போய்விட்டார்.

நான் மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். அப்பாதுரை என் அருகில் குத்துக்காலிட்டு அமர்ந்தார். ஆனால் போல்ட்டைப் பார்க்கவில்லை.

“அந்த மொபெட்டு வாங்கின அன்னைக்கு,” என்றார், “கேரியர்ல சாக்கை மடிச்சிப் போட்டு ஒக்கார வெச்சேன். கோலியனூர் ஏரிக்கரையில ரெண்டு பேரும் வுழுந்தோம். மொழங்கால் பேந்து போச்சு. எழுந்து மண்ணைத் தட்டிக்கினு, ‘வண்டிக்கு ஒண்ணும் ஆவலையே’ன்னு கேட்டா.”

நான் ஸ்பேனரைத் திருகினேன். மூன்றாவது போல்ட்டு இறுக்கமாக இருந்தது, நானே முடுக்கியது.

அப்போது டவுன் பஸ் வந்தது. நின்றது. புறப்பட்டது. நிறுத்தத்தில் எவரும் இல்லை.

அப்பாதுரை எழுந்தார். “உண்மையாவே ஏறிட்டாடா,” என்றார்.

“டிக்கெட்டு இல்லன்னாங்களே,” என்றார் மண்ணாங்கட்டி.

அப்பாதுரை சாலையைப் பார்த்தபடி நின்றார். வீட்டுக்குள் தேநீர்க் கோப்பை வைக்கும் ஒலி கேட்டது. கண்ணாடி அறையில் குளிர்சாதனம் எவருமின்றி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

“அந்த ரெண்டு போல்ட்டத் திருப்பி மாட்டு.”

“முதலாளி, பாய் நாலு மணிக்கு...”

“மாட்டுடா. நல்லா இறுக்கு.”

வேலை முடிந்த வேளையில் யூசுப் அலி வெளியே வந்தார். நாலு மணியாகி ஒரு நிமிடம். அவர் கண்ணுக்கு இருக்கையும் தெரிந்தது. அதன் முன்னால், எரிபொருள் தொட்டியின்மேல் வயிற்றைக் கிடத்தி, பின்புறம் உயர்ந்து, மன்றத்தின் விண்ணப்பதாரரும் தெரிந்தார்.

“அண்ணே, ஓட்டினா அவ்ளோதான். சேர்க்க முடியாது.”

“தெரியும் பாய். நீங்க எழுதிக்குங்க.”

அவர் வண்டியைக் கிளப்பினார். அவ்வொலியைக் கேட்டு எதிர்வீட்டு நாய் தன் வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தானே முட்டிச் சாத்திக்கொண்டது. பின்னால் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் கொன்றுவிடுவதைப் போலப் பார்த்தார். முதலில் ஏற வேண்டியவர் பேருந்தில் அல்லவா போய்க்கொண்டிருந்தார். எனவே நானும் மண்ணாங்கட்டியும் லாரியில் தொடர்ந்தோம். புறப்படுமுன் ரசியா பேகம் என் கைப்பேசி எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். யூசுப் அலி அப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் செல்லவல்ல அவ்வூர்தி, வெற்றுப் பின்னிருக்கையுடன் பாண்டிச் சாலையில் சென்றது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் முன்னே போனது. அதை முந்த இடமில்லை. டிராக்டர் திரும்பியதும் ஒரு ரயில்வே கேட் மூடியது. கேட் திறந்ததும் வண்டி சூடேறி நின்றுவிட்டது. இத்தாலியில் வைகாசி கிடையாது. மில்லுக்குச் சொந்தமான வயலின் பம்புசெட்டில் தண்ணீர் பிடித்துவந்து, பக்கத்தில் நின்று விசிறி, ஒரு மணி நேரம் ஆறவைத்தோம். அப்பாதுரையின் வேட்டி முனை இருமுறை சங்கிலிப் பக்கம் பறந்ததை நான் பார்த்தேன். இருமுறையும் சாரி கார்டு தடுத்தது. இதை அவரிடம் பிறகு சொன்னேன். அவர் கேட்காததுபோல் இருந்தார்.

கோலியனூர் நிறுத்தத்தில் இளவரசி அம்மாள் இறங்கி, கோயிலுக்குப் போகாமல், சாலையோரக் கடையில் சோடா வாங்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். சோடா பாதியில் இருந்தது. கூடையில் தேங்காய் உடைபடாமல் இருந்தது.

வண்டி அவர் முன் வந்து நின்றது. அப்பாதுரை நிமிர முயன்றார், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. குனிந்தபடியே பேசினார்.

“ஏறு.”

“கோயிலுக்கு முன்னூறு அடிதான் கீது. நடந்தே போயிடுவேன்.”

“ஏறுடி. இடுப்பு புடிச்சிக்கிச்சி. ரொம்ப நேரம் இப்டி நிக்க முடியாது.”

“மன்றம் இன்னாச்சு?”

“ஊட்டுல பாய் எழுதிக்கினு கீறாரு.”

அம்மாள் மீதிச் சோடாவைக் குடித்து முடித்தார். பாட்டிலைக் கடைக்காரரிடம் கொடுத்தார். என்னை அழைத்து, போல்ட்டுகளை ஒருமுறை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் அசையவில்லை. மூன்று எலுமிச்சம்பழங்களில் இரண்டைச் சக்கரங்களின் முன் வைக்கச் சொன்னார். மூன்றாவதைக் கூடையிலேயே வைத்துக்கொண்டார், எதற்கென்று கூறவில்லை. பிறகு படியில் கால் வைத்து ஏறி, பக்கவாட்டாக அமர்ந்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கணவரின் முதுகில் ஒரு கையை ஊன்றினார்.

“ஹெல்மெட்டு எங்க?” என்றார்.

“முன்னூறு அடிதானேடி.”

“சரி, மெதுவா போங்க. வுழுந்தா வண்டிக்கு எதுனா ஆயிடப் போவுது.”

முந்நூற்றுப் பதினேழாவது வண்டி எலுமிச்சம்பழங்களின் மேல் ஏறி இறங்கிப் புறப்பட்டது. மணி மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.